நட்சத்திரமாக ஆடியவள் தேவதூதராக அழுதது ஏன்?

தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகளுக்கு ஐந்து வயது முடிந்து ஒரு மாதம் ஆகிறது, யு.கே.ஜி. படிக்கிறாள். மூன்று வயதில், ஆலயத்துக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் நட்சத்திர வேடம் போட்டவள், பாட்டு முடிந்த பிறகும் இறங்க மறுத்து ஆடிக்கொண்டே இருந்தாள். சபை முழுவதும் கைதட்டியது. சென்ற வருடம், நான்கு வயதில், தேவதூதர் வேடம். மேய்ப்பர்களைப் பார்த்து "பயப்படாதிருங்கள்" என்று தொடங்கும் ஒரே ஒரு வசனம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு மனப்பாடம். ஆனால் மேடையில் மைக்கை வாயருகே நீட்டியதும் உறைந்து நின்றாள். திரைக்குப் பின்னாலிருந்து ஓர் அக்கா வசனத்தை எடுத்துக் கொடுத்ததும் அழத் தொடங்கினாள். நின்ற இடத்திலேயே உடை நனைந்துவிட்டது. முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அதைப் படம்பிடித்த யாரோ அன்றிரவே சபையின் வாட்ஸ்அப் குழுவில் வீடியோவைப் போட்டார்கள்.

இந்த வருட ஒத்திகை தொடங்கப் போகிறது. பெயர் கொடுக்கச் சொல்லி, சபைப் போதகரின் (ஐயரின்) மனைவியான ஐயரம்மா கேட்டிருக்கிறார். "எனக்கு வேண்டாம்" என்கிறாள் மகள். முப்பது வருடம் ஞாயிறு பள்ளி நடத்திய மாமியார், "இப்போது விட்டால் ஜென்மத்துக்கும் மேடை ஏறமாட்டாள், தூக்கி நிறுத்து, பயம் தானாகப் போகும்" என்கிறார். நாத்தனாரின் மகளும் அதே வயதுதான். வேதாகமத்தின் சங்கீதம் 23 முழுவதையும் தடுமாறாமல் ஒப்புவிக்கிறாள். கணவர், "இனி அந்த மேடைப் பக்கமே போக வேண்டாம்" என்று முடித்துவிட்டார். ஜெபிக்க வந்த ஒருவர், பிள்ளைக்குள் பயத்தின் ஆவி இருக்கிறது என்று அவள் எதிரிலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தாய் இணையத்தில் தேடி, செலக்டிவ் மியூட்டிசம் என்ற பெயரைக் கண்டுபிடித்து, அன்றிலிருந்து தூக்கமில்லாமல் இருக்கிறார். கடைசிப் பக்கத்தில், வேறு மையில், ஒரு வரி: "எனக்கு ஒன்பது வயதில் இதே மேடையில் வசனம் மறந்தது. இறங்கியதும் அம்மா தொடையில் கிள்ளிய தழும்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது."

அன்புள்ள சகோதரிக்கு,

"மானம் போய்விட்டது" என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். யாருடைய மானம் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. நான்கு வயதுப் பிள்ளைக்குப் பயத்தில் சிறுநீர் பிரிந்தது, அவ்வளவுதான் நடந்தது. ஐந்து வயது நிறையும்வரை இதை ஒரு கோளாறாக மருத்துவம் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. பயம் வந்தால் உடம்பு எதையாவது செய்யும். ஒருவருக்கு உள்ளங்கை வியர்க்கும், ஒருவருக்கு வயிறு கலங்கும். பிரசங்க மேடை ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் கழிப்பறை எங்கே என்று விசாரிக்கும் பெரிய மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

உங்களைத் தூங்கவிடாத கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

இது நோயா?

வீட்டில் வாயாடியாக இருக்கும் குழந்தை, பள்ளி போன்ற குறிப்பிட்ட இடங்களில் மட்டும் பேசவே இயலாமல் போவதுதான் நீங்கள் படித்த அந்த செலக்டிவ் மியூட்டிசம். பிடிவாதம் என்று பெரியவர்கள் நினைப்பார்கள். உண்மையில் பதற்றம் தொண்டையைப் பூட்டிவிடுகிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கும். நூறு குழந்தைகளில் ஒருவருக்கும் குறைவாகத்தான் காணப்படுகிறது. குறைந்தது ஒரு மாதமாவது தொடர்ந்து இருக்க வேண்டும். பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு மேடையில், ஓர் இரவில், ஒரு வசனம் வராமல் போனது இந்தப் பட்டியலுக்குள் வராது.

அதோடு, உங்கள் கடிதமே உங்களுக்குப் பதில் சொல்கிறது. வகுப்பில் பெயர் சொல்லி அழைத்தால் மெதுவான குரலில் பதில் சொல்கிறாள் என்கிறீர்கள். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து பங்கு போட்டுக்கொள்ள இரண்டு தோழிகள் இருக்கிறார்கள். உறவினர் வீட்டுக்குப் போனால் பத்து நிமிடம் உங்கள் சேலைத் தலைப்புக்குப் பின்னால். பிறகு அவள் வாயை மூடுவதுதான் கஷ்டம். நேரில் பார்க்காமல் எந்தக் குழந்தைக்கும் நோய் உண்டு என்றோ இல்லை என்றோ நான் சான்றிதழ் தருவதில்லை. ஆனால் நீங்கள் வரைந்து காட்டும் பிள்ளை, புது இடத்தில் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் பிறகு காலெடுத்து வைக்கும் பிள்ளை. இப்படிப்பட்டவர்கள் ஏராளம்.

ஹார்வர்டில் பணியாற்றிய உளவியலாளர் ஜெரோம் கேகன் நான்கு மாதக் கைக்குழந்தைகளுக்குப் புதிய பொம்மைகளையும் புதிய ஒலிகளையும் காட்டிப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதறி அழுதது. அந்தக் குழந்தைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தபோது, அவர்களில் பலர் புதிய மனிதர்களிடம் தயங்கும் பிள்ளைகளாக வளர்ந்தார்கள். ஆனால் எல்லோரும் அப்படி ஆகவில்லை. ஆகவே தயக்கம் பிறவியிலேயே கொஞ்சம் வருவதுண்டு, அது மாறுவதும் உண்டு. உங்கள் வளர்ப்பின் குற்றம் என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

எப்போது நேரில் காட்ட வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் மாதக்கணக்கில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்தால், தாகம் என்றும் பாத்ரூம் என்றும்கூட ஆசிரியையிடம் கேட்க முடியாமல் தவித்தால், ஆலயத்துக்குள் நுழையவே அழுதால், அந்த இரவைப் பற்றிய கெட்ட கனவுகள் தொடர்ந்தால், குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். பகலில் அடிக்கடி உடை நனைந்தால் முதலில் குழந்தை மருத்துவரிடம் போங்கள். சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ காரணமாக இருந்தால் அதை மனதின் கணக்கில் எழுதிவிடக்கூடாது.

அந்த ஜெபத்துக்கு வந்தவரைப் பற்றி இரண்டு வார்த்தை. ஜெபம் உங்கள் குடும்பத்தின் பலம். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையின் காதுபட "உனக்குள்ளே ஓர் ஆவி இருக்கிறது" என்று சொன்னால், அவள் அதை உவமையாக எடுத்துக்கொள்ள மாட்டாள். வயிற்றுக்குள் ஏதோ குடியிருக்கிறது என்றே நம்புவாள். இருட்டில் பாத்ரூம் போக மறுக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள்; அது எப்போது தொடங்கியது என்று நாட்காட்டியைப் பாருங்கள். "உனக்குள்ளே ஒன்றும் இல்லை. பயம் எல்லோருக்கும் வரும், அம்மாவுக்கும் வரும், வந்துவிட்டுப் போய்விடும்" என்று இன்றே அவளிடம் சொல்லுங்கள். ஒரு தடவை போதாது.

பிஸ்கட் டப்பாவும் ஊசி நூலும்

"மூன்று வயதில் தைரியமாக ஆடியவள் நான்கு வயதில் பின்னுக்குப் போய்விட்டாளே" என்பது உங்கள் பெரிய துக்கம். இங்கேதான் உங்களோடு நான் முழுமையாக மாறுபடுகிறேன்.

நம் வீடுகளில் பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் ஊசி நூல் இருக்கும். மூன்று வயதுக் குழந்தையிடம் அந்த டப்பாவைக் காட்டி, உள்ளே என்ன என்று கேளுங்கள். பிஸ்கட் என்று சொல்லும். திறந்து ஊசி நூலைக் காட்டிவிட்டு மூடுங்கள். "இப்போது அப்பா வந்து இந்த டப்பாவைப் பார்த்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று நினைப்பார்?" என்று கேளுங்கள். மூன்று வயதுப் பிள்ளை பெரும்பாலும் "ஊசி நூல்" என்றுதான் சொல்லும். தனக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்பது அந்த வயதின் கணக்கு. நாலரை, ஐந்து வயதில் "பிஸ்கட் என்று நினைப்பார்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கும். அடுத்தவர் தலைக்குள் வேறொரு எண்ணம் ஓட முடியும், அது தவறாகவும் இருக்க முடியும் என்று குழந்தை கண்டுபிடிக்கும் வயது அது. குழந்தை உளவியலில் மிட்டாய் டப்பாவையும் பென்சிலையும் வைத்து இதே சோதனையை நாற்பது வருடங்களாகச் செய்துவருகிறார்கள்.

இப்போது மேடையை யோசித்துப் பாருங்கள். மூன்று வயதில் உங்கள் மகளுக்கு எதிரே இருந்தவை விளக்கு, பாட்டு, கைதட்டல். முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தாலும், முந்நூறு பேர் தன்னைப் பற்றி ஏதோ நினைக்கிறார்கள் என்ற எண்ணம் அவளுக்கு இல்லை. நான்கு வயதில் அந்தக் கதவு திறக்கத் தொடங்கிவிட்டது. அதே முந்நூறு பேர். இப்போது ஒவ்வொருவரும் பார்க்கிறார்கள், எடைபோடுகிறார்கள். நட்சத்திரமாக ஆடியபோது அவளிடம் இருந்ததைத் தைரியம் என்று நான் சொல்ல மாட்டேன். தைரியம் என்ற சொல்லுக்கு முதலில் பயம் தெரிந்திருக்க வேண்டும். சென்ற வருடம்தான் அவளுக்கு அது தெரியவந்தது. அறிவு ஒரு படி ஏறியதைத்தான் நீங்கள் வீழ்ச்சி என்று எழுதியிருக்கிறீர்கள்.

இதே வயதில் நாத்தனார் மகள் எப்படி ஒப்புவிக்கிறாள் என்று கேட்பீர்கள். சில பிள்ளைகளுக்கு அந்தப் பார்வைகள் இனிக்கும், சிலருக்குச் சுடும். சங்கீதம் 23-இல் ஆறே வசனங்கள்தான் என்பதையும் மாமியாரிடம் மெல்ல நினைவூட்டலாம். (வேண்டாம், விட்டுவிடுங்கள். வீட்டில் சமாதானம் முக்கியம்.)

வீட்டில் சொன்ன வசனம் எங்கே போனது?

1965-இல் ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர், அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து ஒரு விஷயத்தைச் சொன்னார். பிறர் பார்க்கும்போது நமக்கு நன்றாகப் பழகிய வேலை இன்னும் நன்றாக வரும். அரைகுறையாகப் பழகிய வேலை இன்னும் மோசமாகும். வீட்டு நடுக்கூடத்தில் வசனம் அவளுக்கு நன்றாகப் பழகியிருந்தது, உண்மைதான். ஆனால் மைக் பழகவில்லை. தன் குரலே ஒலிபெருக்கிப் பெட்டி வழியாக இரண்டு மடங்காகத் திரும்பி வந்து முகத்தில் அடிப்பது பழகவில்லை. கண்ணைக் கூசவைக்கும் விளக்கு, வாடகைக்கு எடுத்த நைலான் உடையின் அரிப்பு, முதுகில் தெர்மாகோல் சிறகு, தலையில் ஜிகினா வளையம் எதுவும் பழகவில்லை. ஒத்திகைகள் அனைத்தும் உடையும் மைக்கும் இல்லாமல் நடந்தன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அன்றிரவு அவள் செய்தது ஒத்திகை பார்க்காத காரியம்.

நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவளுடைய முறை வந்தபோது இரவு 9.40 என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரத் தூக்கம் தேவை. தூக்கம் சொக்கும் நேரத்தில், ஆறு மணிக்கே மாட்டிய உடையோடு, சாப்பிடாமல் காத்திருந்த குழந்தை அது. அந்த நிலையில் எனக்கும் அந்த வசனம் வரும் லூக்கா இரண்டாம் அதிகாரம் மறந்துபோகும்.

மேடை ஏற்றுவதா, விடுவதா?

மாமியார் சொல்வதிலும் கணவர் சொல்வதிலும் பாதி சரி. பயந்த காரியத்தை அப்படியே விட்டுவிட்டால் பயம் வேர்விடும் என்பது சரி. பிள்ளையை இழுத்துப்போய் நிறுத்தினால் பயம் தெளிந்துவிடும் என்பது தவறு. அழுதுகொண்டே நின்ற குழந்தை "மேடை என்றால் அழுகை" என்ற பாடத்தைத்தான் இன்னொரு முறை படிக்கும். கணவர் பிள்ளையைக் காக்க நினைப்பது சரி. ஆனால் "அந்தப் பக்கமே வேண்டாம்" என்று அப்பாவே சொல்லும்போது, அங்கே உண்மையிலேயே ஆபத்து இருக்கிறது என்று அவள் புரிந்துகொள்வாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. அது மெதுவான வழி. பயந்த இடத்துக்குச் சிறு சிறு படிகளாக, அவள் வேகத்தில், திரும்பிப் போகும் கதவு திறந்திருக்கும்போதே போவது.

அதற்கு முன் அவளிடம் பேசுங்கள். "சென்ற வருடம் நாங்கள் உன்னை மைக் முன்னால் சரியாகத் தயார் செய்யவில்லை. அது எங்கள் தவறு, உன் தவறு இல்லை." இந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அவள் ஏதாவது சொல்வாள். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிறகு மூன்று வழிகளை வையுங்கள்: மேடையில் மற்றவர்களோடு சேர்ந்து நிற்பது, மேடைக்கு வராமல் வேறு வேலை செய்வது, என் மடியில் உட்கார்ந்து நிகழ்ச்சி பார்ப்பது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தாலும் உங்கள் முகம் மாறக்கூடாது. "வேண்டாம்" என்று சொல்ல முடியாத தேர்வு, தேர்வே ஆகாது. பெரிய பொம்மை வாங்கித் தருகிறேன் என்ற பேரமும் வேண்டாம். பரிசு பெரிதாக ஆக, அந்த வேலை அவ்வளவு பயங்கரமானதோ என்ற சந்தேகமும் குழந்தைக்குப் பெரிதாகும்.

அவள் மேடையைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் கையில் இன்னும் ஐந்தாறு ஞாயிறுகள் இருக்கின்றன. நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். ஒரு சனிக்கிழமை மாலை, யாரும் இல்லாத நேரத்தில் ஆலயத்துக்கு அழைத்துப்போவேன். பீடத்தின் படியில் உட்கார்ந்து முறுக்கு தின்னலாம். ஐயரிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான். அடுத்த வாரம் மைக் செட் போடும் அண்ணனைக் கெஞ்சி, அணைத்துவைத்த மைக்கைக் கையில் கொடுப்பேன். அதற்கடுத்து, ஒலியைக் குறைத்துவைத்து அவள் தன் பெயரைச் சொல்லட்டும், நாய் மாதிரி குரைக்கட்டும், சிரிக்கட்டும். தன் குரல் பெட்டியிலிருந்து வருவது வேடிக்கை என்று ஆனபிறகு அது பூதமாக இருக்காது. பிறகு ஐந்தாறு பிள்ளைகளோடு சேர்ந்து அபிநயப் பாட்டு. வசனம் இருந்தால் அதையும் கூட்டமாகச் சொல்லட்டும். நால்வர் சொல்லும்போது ஒருவர் நின்றுபோனாலும் வசனம் நிற்காது. கடைசி இரண்டு ஒத்திகைகளாவது உடையோடு நடக்கட்டும். நைலானுக்குள் ஒரு பருத்திச் சட்டை போட்டுவிடுங்கள். ஒரு படியில் அவள் தயங்கினால் அடுத்த வாரமும் அதே படியிலேயே நில்லுங்கள்.

இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தால் அதைக் குறைவாக நினைக்காதீர்கள். நட்சத்திரத்துக்கு ஜிகினாத் தாள் ஒட்டுவது, முன்னணை என்னும் தீவனத் தொட்டிக்கு வைக்கோல் பரப்புவது, வாசலில் நின்று வருகிறவர்களுக்குப் பாட்டுத்தாள் கொடுப்பது எல்லாம் பங்கேற்புதான். இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் 1223-ஆம் வருடக் கிறிஸ்துமஸ் இரவில் அசிசியின் பிரான்சிஸ் அமைத்த புகழ்பெற்ற குடில் காட்சியில் இருந்தவை தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. மாட்டுக்கும் கழுதைக்கும் யாரும் வசனம் எழுதவில்லை.

பேசாத வேடமும் உண்டு என்று ஐயரம்மாவிடம் சொல்லத் தயங்குகிறீர்கள். அவருக்கு உங்களைவிட வேதம் தெரியும். ஆகவே அங்கேயே தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களிலும் யோசேப்பு பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. நம் நாடகங்களில் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் வசனம் பேசும் சத்திரக்காரன் லூக்காவில் வருவதே இல்லை. சத்திரத்தில் இடமில்லை என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. வேதத்தில் இல்லாதவனுக்கு நாமாக வசனம் கொடுத்திருக்கும்போது, வசனமே இல்லாத ஓர் ஆட்டுக்குட்டியைச் சேர்ப்பதில் என்ன குறை? நானும் ஞாயிறு பள்ளியில் இரண்டு வருடம் ஆடாக இருந்தவள்தான். பஞ்சு ஒட்டிய சாக்குக்குள் தவழ்ந்துபோய் முன்னணைக்கு அருகே படுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வருடம் அங்கேயே தூங்கிவிட்டேன். நிகழ்ச்சியிலேயே இயல்பான நடிப்பு என்னுடையதுதான் என்று அப்பா சொன்னார்.

ஐயரம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அம்மா, பிள்ளைக்குச் சென்ற வருடப் பயம் இன்னும் இருக்கிறது. தனியாக மைக் முன்னால் வேண்டாம். மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து நிற்பதற்குப் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். அன்று மனமில்லை என்றால் நான் மேடைக்கே வந்து தூக்கிக்கொள்வேன், அதற்கு மட்டும் அனுமதி வேண்டும்." இதையே இன்னும் பல தாய்மார் சொல்லத் தயங்கிக்கொண்டிருப்பார்கள் என்பது என் அனுபவம். முடிந்தால் கூடவே இரண்டு வேண்டுகோள்கள்: ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களின் பாட்டை நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே, எட்டு மணிக்குள் முடித்துவிடுவது, மெழுகுவர்த்தி ஏற்றும் நேரத்தில் நைலான் உடையும் பஞ்சுத் தாடியும் போட்ட பிள்ளைகளைத் தீயின் அருகே நிறுத்தாமல், அவர்கள் கையில் பேட்டரி விளக்கைக் கொடுப்பது. இரண்டாவதற்கு மனநல மருத்துவர் தேவையில்லை. பஞ்சு எவ்வளவு வேகமாகப் பற்றும் என்று அடுப்படி தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

அந்த வீடியோ

இதில் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. வீடியோவைப் போட்டவர் கெட்ட எண்ணத்தில் போட்டிருக்க மாட்டார். குழந்தைத்தனத்தை ரசித்துப் போட்டிருப்பார். ஆனால் இன்னும் ஏழெட்டு வருடத்தில் அந்தப் பிள்ளைகள் கையிலும் போன் இருக்கும். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் வகுப்புத் தோழி அந்த வீடியோவைத் தேடியெடுக்கும் நாளை யோசியுங்கள். குழுவின் நிர்வாகி யாரென்று பார்த்து, தனியாகப் போன் செய்து, நீக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் தன் பதிவை எல்லோருக்குமாக நீக்கும் வசதிக்குக் கால வரம்பு உண்டு. குழுவின் நிர்வாகி மற்றவர்களின் பதிவையும் நீக்க முடியும்; ஒரு வருடம் கழித்தும் அது இயலுமா என்று அவரிடமே பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே இறக்கிவைத்தவர்களின் போனிலிருந்து அது போகாது. நெருங்கிய உறவினர்களிடமாவது ஒவ்வொருவராகக் கேட்டுக்கொள்ளுங்கள். "ஒரு வருடம் கழித்து இப்போது எதற்கு" என்று யாராவது கேட்டால், "அவள் இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறாள்" என்று சொல்லுங்கள். இந்த வருடம் நிகழ்ச்சி தொடங்குமுன், பிள்ளைகளின் படங்களைப் பெற்றோரைக் கேட்காமல் பகிர வேண்டாம் என்று மேடையிலிருந்தே ஒரு வரி அறிவிக்கச் சொல்லலாம். செல்போனை அணைக்கச் சொல்லும் அதே அறிவிப்போடு இதுவும் சேர்ந்துகொள்ளும்.

உங்கள் வீட்டிலும் அந்த வீடியோ போட்டுக் காட்டப்படுகிறதா? விருந்தினர் வரும்போது "எங்கள் தேவதூதர் செய்த கூத்தைப் பாருங்கள்" என்று? கடிதத்தில் சித்தப்பா ஒருவர் அப்படிச் செய்வதாக ஒரு வரி வருகிறது. அதை நிறுத்துங்கள். அவள் கூடச் சேர்ந்து சிரித்தாலும் நிறுத்துங்கள். பெரியவர்கள் சிரிக்கும்போது பிள்ளைகள் சிரிப்பது, வேறு வழியில்லாததாலும் இருக்கலாம்.

மாமியாரும், வேறு மையில் எழுதிய வரியும்

மாமியாரை வில்லியாக்க எனக்கு விருப்பமில்லை. முப்பது வருடம் சம்பளமில்லாமல் ஊர்ப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவர் அவர். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச வராத எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி மேடைதான் முதல் மேடை. அங்கே பழகியவர்கள் பிறகு ஆசிரியர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் ஆகியிருக்கிறார்கள். அதைக் கண்ணால் பார்த்தவர் என்பதால் அப்படிப் பேசுகிறார். அவரோடு வாதாடுவதைவிட அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். தினமும் மாலை பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு கதையாகச் சொல்லட்டும். மேய்ப்பர்கள் ஏன் பயந்தார்கள், ஆடுகளை இரவில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று. ஒப்புவிக்கச் சொல்லாமல், கதை மட்டும். அவரிடம் கேளுங்கள், முப்பது வருடத்தில் மேடையில் அழுத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று. நிச்சயம் நிறையக் கதைகள் வைத்திருப்பார். அவற்றை உங்கள் மகளும் கேட்கட்டும்.

கடைசிப் பக்கத்து வரிக்கு வருகிறேன். ஒன்பது வயதில் தொடையில் விழுந்த கிள்ளலை நீங்கள் மறக்கவில்லை. மறந்த வசனம் எது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? சென்ற வருடம் அவள் மேடையில் நின்றபோது உங்கள் நெஞ்சு படபடத்தது, பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மேடையிலிருந்து அவள் முதலில் தேடியது உங்கள் முகத்தைத்தான் இருக்கும். சிறு பிள்ளைகள் தெரியாத இடத்தில் தாயின் முகத்தைப் பார்த்துத்தான் இது ஆபத்தா, விளையாட்டா என்று முடிவு செய்கிறார்கள். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. இந்த வருடம் பக்கவாட்டில், அவள் கண்ணுக்கு நேராகத் தெரியும் இடத்தில் உட்காருங்கள், தலை நிமிர்ந்தே இருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அது முடியாது என்று தோன்றினால் அந்த இருக்கையைக் கணவருக்குக் கொடுத்துவிடுங்கள். உங்கள் கதையையும் அவளுக்குச் சொல்லலாம்: அம்மாவும் ஒருமுறை மறந்துபோனேன் என்று. கிள்ளியதை விட்டுவிடுங்கள், அது உங்கள் அம்மாவுக்கும் உங்களுக்கும் இடையிலான கணக்கு.

நிகழ்ச்சி நாளில்

மதியம் தூங்க வையுங்கள். ஆறு மணிக்குள் இட்லியோ தோசையோ ஏதாவது வயிற்றுக்குள் போகட்டும். உடையை முறை வருவதற்குச் சற்று முன்னால் மாட்டினால் போதும். கால்மணி நேரத்துக்கு முன் பாத்ரூம்; பையில் மாற்று உடுப்பு. அது இருப்பது அவளுக்கும் தெரியட்டும், "நனைந்தாலும் ஒன்றும் ஆகாது, மாற்றிக்கொள்ளலாம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள். ஐந்து ஒத்திகை முடிந்த பிறகும் அன்றிரவு படியேற மறுத்தால் தூக்கிக்கொண்டு வந்து உட்காருங்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு..." என்று தொடங்க வாய் வரும், முழுங்கிவிடுங்கள். ஐந்து ஒத்திகைகளில் அவள் மைக்கைப் பிடித்ததும், பெட்டியிலிருந்து வந்த தன் குரலைக் கேட்டுச் சிரித்ததும் அவளிடமே இருக்கும். மேடை ஏறி நின்றுவிட்டால், இறங்கியதும் "நன்றாகச் செய்தாய்" என்பதோடு நிறுத்தாமல், "பயமாக இருந்ததா? என்ன செய்தாய் அப்போது?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் வழி அவளே கண்டுபிடித்ததாக இருக்கும்.

ஜனவரியில் பள்ளி திறந்ததும், வகுப்பில் எப்படி இருக்கிறாள் என்று ஆசிரியையிடம் ஒருமுறை விசாரித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். இருட்டில் பாத்ரூம் போகும் விஷயம் என்ன ஆனது என்றும் மறக்காமல் எழுதுங்கள். மேடையைவிட எனக்கு அதில்தான் கவலை.